முடக்குவாதம்: வலி தணிந்தால் மட்டும் போதுமா? மூட்டுகளைக் காக்கும் மருந்துகள் எவை?

கொச்சி: உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் ஏற்படும் நோய் முடக்குவாதம். மூட்டின் உட்சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பலருக்கு முதல் 2 ஆண்டுகளிலேயே இப்பாதிப்பு தொடங்கிவிடுகிறது. இவ்வாறு சிதைந்த மூட்டை மருந்துகளால் பழைய நிலைக்கு மீட்க இயலாது.

வலி நிவாரணிகள் வேதனையைத் தணிக்குமே தவிர, அரிப்பைத் தடுக்காது. ஸ்டீராய்டுகள் வீக்கத்தை விரைவாகக் குறைத்தாலும், நீண்டகாலப் பயன்பாடு எலும்புகளைப் பலவீனமாக்கும். நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் தனி வகையைச் சேர்ந்தவை. மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசின், லெஃப்ளூனோமைடு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுவது மெத்தோட்ரெக்ஸேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாபிரகடா சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தலைமையேற்ற குழு 1940-களில் இதனைப் புற்றுநோய்க்காக உருவாக்கியது. முடக்குவாதத்துக்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்கா 1988-இல் ஒப்புதல் அளித்தது.

இம்மருந்தை வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கவிளைவுகளைக் குறைக்க ஃபோலிக் அமிலம் வழங்கப்படுகிறது. இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் அவசியம். கர்ப்பிணிகள் இதனை உட்கொள்ளக் கூடாது.

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 3 மாதங்களில் முன்னேற்றம் இல்லையெனில் சிகிச்சையை மாற்றியமைக்க வேண்டும் என்றும், 6 மாதங்களில் நோய் கட்டுக்குள் வர வேண்டும் என்றும் சர்வதேச வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அடுத்த கட்டமாக, வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளும், டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் உள்ளன. இவை உடலில் மறைந்திருக்கும் காசநோயைத் தூண்டக்கூடும் என்பதால், தொடங்கும் முன் அதற்கான பரிசோதனை கட்டாயம்.

மருந்தை இடையில் நிறுத்துவதன் விளைவைக் கொச்சியைச் சேர்ந்த மருத்துவர் பத்மநாப ஷெனாய் குழுவினரின் ஆய்வும் உணர்த்தியது. 'லான்செட் ருமட்டாலஜி' இதழில் 2022-இல் அது வெளியானது. கொரோனா தடுப்பூசியின் இரு தவணைகளுக்குப் பின்னும் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தற்காலிகமாக நிறுத்தியவர்களிடம் எதிர்ப்புரதம் அதிகரித்தது. ஆனால் மூட்டுநோய் மீண்டும் தீவிரமடைவதும் கூடியது.

எனவே வலி குறைந்துவிட்டது என்பதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, விரல் மூட்டுகளில் வீக்கம் ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால், மூட்டுவாத நிபுணரை உடனடியாக அணுகுவதே மூட்டுகளைக் காக்கும் வழி.