பத்து நிமிடம் பதில் இல்லாவிட்டால்

‘ரூட்டரே மென்பொருளாகிவிட்டது என்கிறீர்களே, கெட்டுப்போனால் எதைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எதையும் கழற்றுவதில்லை. அதை அழித்துவிட்டு இன்னொன்றைக் கிளப்புவார்கள். மெய்நிகர் ரூட்டர் என்பது சர்வரில் ஓடும் ஒரு நிரல். புதியது எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால் வெறுமையாக நிற்கும். எந்த முகவரிக்கு எந்த வழி, யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்பதெல்லாம் கான்ஃபிக் என்னும் கோப்பில்தான் இருக்கிறது.

ரூட்டர் தயிர்ச் சட்டி, கான்ஃபிக் உறைமோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டி உடைந்தால் வேறு வாங்கலாம். உறைமோர் தீர்ந்தால் தயிர் ஏது? அதனால் ஒரு கரண்டி எடுத்துவைக்கிறோம். அதையும் சட்டிக்குள்ளேயே வைத்தால் சட்டியோடு போகும்: பேக்கப்பை அந்த ரூட்டரின் டிஸ்கிலேயே போட்டுவைப்பவர்கள் உண்டு. நாள்பட்ட உறைமோரும் தயிராக்கும், ஆனால் புளிக்கும்: எப்போதோ வேலையை விட்டுப்போனவரின் பாஸ்வேர்டும் சேர்ந்து உயிர்பெறும். பக்கத்து வீட்டு உறைமோரை அப்படியே ஊற்றினால் ஒரே ஐபி முகவரிக்கு இரண்டு ரூட்டர்கள் சண்டை போடும். தயிர்ச் சட்டிகள் சண்டை போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. உவமையை இங்கேயே இறக்கிவைக்கிறேன்.

செத்த ரூட்டரைவிடத் தொல்லை, உயிரோடிருந்தும் நம்மை உள்ளே விடாத ரூட்டர். தொலைவிலிருந்து ஒரு தடுப்பு விதி சேர்க்கிறீர்கள். உங்கள் இணைப்புக்கே விலக்கு கொடுக்க மறந்துவிட்டீர்கள். என்டர் தட்டியதும் திரை உறைகிறது. இதற்கு ஜூனிபர் ரூட்டர்களின் இயங்குதளமான ஜூனோஸில் ஒரு வழி உண்டு. மாற்றங்கள் முதலில் வரைவாகவே நிற்கும்; ‘கமிட்’ கொடுத்தால்தான் அமலாகும். ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று கொடுத்தாலோ உடனே அமலாகும், கூடவே ஒரு கடிகாரமும் ஓடத் தொடங்கும். பத்து நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி ‘கமிட்’ கொடுக்காவிட்டால், ரூட்டர் தானாகவே முந்தைய கான்ஃபிக்குக்குத் திரும்பிவிடும். மாற்றம் சரியா தவறா என்று அது ஆராய்வதே இல்லை. சரியாக இருந்தால் உங்களால் உள்ளே வந்து சொல்ல முடியும், அவ்வளவுதான். அந்தக் கடிகாரம் ரூட்டருக்குள்ளேயே ஓடுவதால் வெளி உதவி எதுவும் வேண்டாம்.

 

இப்போது ‘தன்னைத்தானே குணப்படுத்தும் நெட்வொர்க்’ என்று விற்கிறார்கள். விழுந்த ரூட்டரை அது எழுப்பும், உண்மைதான். கொடுத்த கான்ஃபிக் தவறென்றால் அந்தத் தவறையும் பிசகாமல் திரும்ப நிறுவும். ஒரு தவறான கட்டளை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை டேட்டா சென்டர்களை இணைக்கும் மையத் தடத்தையே அறுத்தது; அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை. தொலைவிலிருந்து நுழையும் வழியும் கூடவே போனதால் பொறியாளர்கள் நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள்.

ஆகவே ‘தானாகவே மீளும்’ என்று யாராவது விற்க வந்தால் ஒரு கேள்வி போதும்: வெளித்தொடர்பு முழுக்க அறுந்த பிறகும் மீளுமா?