துறையா, பாலமா?

குருக்கள்மடத்திலிருந்து வாவிக்கு அப்பாலுள்ள அம்பிளாந்துறையை அடைய இரு வழிகள் உண்டு. ஒன்று படகுப்பாதை, மற்றது வடக்கே சென்று, 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலை வழியே சுற்றிச் செல்லுதல். எது நலம் என்று இன்று நாம் கைப்பேசியைக் கேட்கிறோம்.

கூகுள் மேப்ஸ், வீதியிற் செல்வோரின் கைப்பேசிகள் நகரும் வேகத்தைக் கொண்டு நெரிசலைக் கணிக்கிறது. அதற்கு இணையம் வேண்டும். ஆஸ்மாண்ட் செயலியோ, 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை முன்னரே பதிவிறக்கி வைத்தால், இணையமின்றியும் வழிகாட்டும்.

ஆயினும், மாரிக்காலக் காற்றில் படகு புறப்படுமா என்பதைத் துறையில் நிற்பவரே அறிவர். நோயாளியோடு செல்வோரும் பரீட்சைக்கு விரையும் மாணவரும் வரைபடத்தைப் பார்க்கட்டும். துறையிலும் ஒரு வார்த்தை விசாரிக்கட்டும்.