அடைக்கோழியும் அந்த 21ஆம் நாளும்

தோட்டப்புற லயங்களில் வளர்ந்தவர்களுக்கு அடைக்கோழி புதிதல்ல. வீட்டின் பின்புறம் ஒரு பழைய கூடை, அதில் மணலும் காய்ந்த புல்லும், ஓரத்தில் ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் இருக்கும். இடி இடித்தால் கரு கலங்கிவிடும், இரும்பு அதைத் தடுக்கும் என்பது பாட்டிமார்களின் நம்பிக்கை. உண்மையில் முட்டையைக் கெடுப்பது இடியல்ல. இடியோடு வந்து கூடையை நனைக்கும் மழைதான். ஆணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூரை ஒழுகக்கூடாது.

இன்று கம்பத்திலும் சிறு நிலங்களிலும் நாலைந்து நாட்டுக்கோழிகள் வளர்ப்பவர்கள், “பன்னிரண்டு முட்டை வைத்தோம், ஐந்துதான் தேறியது” என்று குறைப்படுவதுண்டு. கோழி சரியில்லை என்று பழி அதன்மேல் விழுகிறது. பல வீடுகளில் குஞ்சைக் கொல்வது மனிதனின் அவசரமே.

கூட்டை விட்டு எழாமல், கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் கொர்ரென்று சீறும் கோழியே அடைக்கு வந்த கோழி. இரண்டு நாள் பொறுத்து, அது உறுதியாக உட்காருகிறதா என்று பார்த்தபின் முட்டைகளை ஒரே நாளில், மாலை மங்கிய பிறகு வைக்க வேண்டும். நாளுக்கு ஒன்றாகச் சேர்த்தால் பொரிப்பதும் நாளுக்கு ஒன்றாகும். முதல் குஞ்சுகள் வெளிவந்து ஓரிரு நாளில் தாய் அவற்றோடு இறங்கிப் போய்விடும். பின்தங்கிய முட்டைகள் குளிர்ந்து சாகும். வைத்த முட்டைகளில் பென்சிலால் ஒரு கோடு போட்டால், மற்ற கோழிகள் இடையில் இட்டுப்போனதை அடையாளம் கண்டு எடுத்துவிடலாம். ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் விளக்கொளியில் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரியும்.

அடைக்கோழி பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் எழும். கால்மணி, அரைமணி நேரத்தில் தின்று, குடித்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டு திரும்பிவிடும். அந்த நேரம் முட்டை ஆறுவதால் ஆபத்தில்லை. தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். உட்கார்ந்தே இருக்கும் கோழியிடம் பேன் பெருகும் என்பதால், அது புரள உலர்ந்த மண் அவசியம்.

இனி அந்தக் கடைசி மூன்று நாள். சுமார் 19ஆம் நாள் குஞ்சு முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து, முதன்முதலாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. உள்ளிருந்தே கீச்சிடும், தாயும் மெல்லக் கொக்கரித்துப் பதில் சொல்லும். பிறகு அலகு நுனியிலுள்ள சிறு முள்ளால் ஓட்டில் ஒரு துளை போடும். அதோடு ஓய்ந்துவிடும்!

இங்கேதான் மனம் பதறுகிறது. ஆறு மணி நேரமாகியும் அசைவில்லையே என்று ஓட்டை உரிக்கத் தோன்றும். ஆனால் அந்த ஓய்வு 12 முதல் 24 மணி நேரம்வரை நீளும். ஓட்டை ஒட்டிய சவ்வில் ஓடும் இரத்தத்தைக் குஞ்சு தன் உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. மிச்சமுள்ள மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் போகிறது. அதற்குள் உரித்தால் சவ்வில் இரத்தம் கசியும், மஞ்சள் கரு வெளியே தொங்கும். உதவி செய்த கையிலேயே குஞ்சு துவண்டுவிடும். அடிக்கடி கோழியைத் தூக்கிப் பார்ப்பதும் கெடுதல். ஈரம் வெளியேறிச் சவ்வு உலர்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். துளை விழுந்து ஒரு முழுநாள் கடந்தும் முன்னேற்றமில்லை, சவ்வும் பழுப்பேறிக் காய்ந்துவிட்டது என்றால் மட்டும் வெதுவெதுப்பான நீரைத் தொட்டுத் தடவிப் பார்க்கலாம். ஒரு சொட்டு இரத்தம் தெரிந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும்.

அந்த நேரத்தில் மனிதன் செய்யக்கூடிய உருப்படியான காரியம் எறும்பைத் தடுப்பதே. ஈர வாடைக்குச் செவ்வெறும்பு சாரைசாரையாக வந்து, ஓட்டுக்குள்ளிருக்கும் குஞ்சை உயிரோடு கடிக்கும். கூட்டை நாற்காலிமேல் வைத்து, நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் கவலையில்லை. பொரித்து முடிந்ததும் கூட்டைத் தரைக்கு இறக்கிவிட வேண்டும்.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பார்கள். அகலமான தரைக்கூட்டுக்கு அது பொருந்தும். ஆழமான வாளியில் கோழி மேலிருந்து குதித்தால் முடமாகத்தான் செய்யும்.

பொரித்த குஞ்சுக்கு உடனே இரை தேவையில்லை. வயிற்றிலுள்ள மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாங்கும். தாய் இறங்கியதும் குஞ்சுத் தீவனம் வைக்கலாம். வெறும் நொய்யரிசியில் சத்துப் போதாது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயும் குஞ்சுத் தீவனத்தையே தின்னட்டும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், உள்ளே கூழாங்கற்களோடு இருக்க வேண்டும். ஒரு விரல்கட்டை ஆழத்திலும் குஞ்சு மூழ்கிச் சாகும். மூன்றாம் வாரத்திற்குமேல் இரத்தக் கழிச்சல் வரக்கூடும். தரை நனைந்திருந்தால் அது பரவும்.

பகலில் உடும்பு, இரவில் மூசாங்கும் பாம்பும் வரும். முதல் ஒரு மாதமாவது தாயையும் குஞ்சுகளையும் நெருக்கமான கம்பிவலைக்குள் அடைப்பது நல்லது. இறகு முளைக்கும்வரை, மழை இரவுகளில் தாயின் சிறகுதான் அவற்றுக்குப் போர்வை. பிறகு ஒருநாள், மறுபடி முட்டையிடத் தயாரானதும், அதே தாய் கிட்டே வரும் குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும்.