கப்பலா, மீனா? ‘ட்ரெட்ஜ்’ கடலுக்குள் ஒரு ரகசிய உலா

நான்கே பேர்! இந்தக் கடலையும், தீவுகளையும், அதற்கடியில் நெளிகிற அத்தனை பயங்கரங்களையும் உருவாக்கத் தொடங்கியது வெறும் நான்கு பேர்தான். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இருக்கிறது ‘பிளாக் சால்ட் கேம்ஸ்’ நிறுவனம். தயாரிப்புக்கு நாடியா தோர்ன், கதைக்கு ஜோயல் மேசன், கலைக்கு அலெக்ஸ் ரிச்சி, மைக்கேல் பாஸ்டியன்ஸ். இவர்களின் முதல் வீடியோ விளையாட்டான ‘ட்ரெட்ஜ்’ 2023 மார்ச் 30 அன்று வெளிவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள்? வாருங்கள், மூடியைத் திறந்து பார்த்துவிடலாம்!

தொடக்கம் ரொம்ப சாது. ‘கிரேட்டர் மேரோ’ என்ற தீவுக்கு வேலை தேடி வரும் மீனவர் நீங்கள். வந்த வேகத்தில் படகு பாறையில் மோதி நொறுங்குகிறது. ஊர் மேயர் வேறு படகு தருகிறார், கடனாக! மீன் பிடி, விற்று அடை, இருட்டுவதற்குள் கரைக்கு வந்துவிடு. அவ்வளவுதான் பிழைப்பு. தூண்டில் போடுவதும் எளிது. சுழலும் வட்டத்தில் சரியான இடத்தில் பொத்தானைத் தட்டினால் மீன் சீக்கிரம் வரும். தட்டத் தவறினாலும் வரும், கொஞ்சம் தாமதமாக.

அந்தத் தாமதத்தில்தான் முதல் ரகசியம் ஒளிந்திருக்கிறது! இந்த உலகத்துக் கடிகாரம் நீங்கள் சும்மா நின்றால் நின்றுவிடும். படகு நகர்ந்தால், தூண்டில் இழுத்தால், இப்படி ஏதாவது வேலை செய்தால்தான் ஓடும். அதாவது, ஒவ்வொரு நிமிடத்தையும் செலவழிப்பது நீங்களேதான். சூரியன் சாய்கிறது, அதோ இன்னொரு மீன் கூட்டம் குமிழி விடுகிறது. ‘இதை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடலாம்’ என்று மனசு சொல்லும். இருட்டுக்குள் உங்களைத் தள்ளிவிடுவது உங்கள் ஆசைதான். என்ன அபாரமான பொறி!

இரண்டாவது ரகசியம், சரக்கறை. படகின் வயிறு சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வடிவம். கொம்பன் சுறாவைத் திருப்பித் திருப்பி அடுக்கி, மூலையில் ஒரு கணவாயைச் செருகி, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும்போது வருகிற குஷி இருக்கிறதே! ஆனால் எஞ்சினுக்கும் விளக்குக்கும் தூண்டிலுக்கும்கூட அதே கட்டங்கள்தான். பாறையில் இடித்தால் ஒரு கட்டம் உடையும், அதில் இருந்த மீன் கடலுக்கே போய்விடும். அடுக்கி மகிழ்ந்த அத்தனையும் பணயமாக நிற்கும்போது, ஒவ்வொரு பாறையும் எமனாகத் தெரியும்.

இப்போது இரவு. மூடுபனி இறங்குகிறது. திரையின் உச்சியில் ஒரு கண் திறக்கிறது. அது உங்கள் பதற்றத்தின் அளவுமானி! வெளிச்சமில்லாமல் நேரம் போகப் போக அந்தக் கண் மிரண்டு அலைபாயும். பகலில் வெறும் தண்ணீராக இருந்த இடத்தில் பாறை முளைக்கும். காகக் கூட்டம் மீனைக் கொத்திக்கொண்டு போகும். தூரத்தில் ஒரு கப்பல் விளக்கு... அப்பாடா, துணைக்கு ஆள் இருக்கிறது என்று நெருங்குவீர்கள். நெருங்காதீர்கள்! அது விளக்கைக் காட்டி இரை பிடிக்கும் ராட்சதத் தூண்டில்மீன். ஆழ்கடலில் நிஜமாகவே வாழும் ஓர் உயிரின் தந்திரத்தை எடுத்து, மீனவரையே அதற்கு இரையாக்கிய குறும்பை என்னவென்று மெச்சுவது!

மீன்களிலும் அதே விளையாட்டு. நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். நம்பும்படியான காட் மீனையும் கானாங்கெளுத்தியையும் முதலில் பழக்கிவிட்டு, ஒருநாள் திடீரென்று மூன்று தலைக் காட் மீனைத் தூண்டிலில் மாட்டிவிடுகிறார்கள். இயல்பானது எது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதால்தான் பிறழ்ந்தது இவ்வளவு நடுக்குகிறது. இன்னும் வேடிக்கை, மீன் வியாபாரி அந்தக் கோரத்துக்குக் கூடுதல் விலை தருவார்! உடனே அடுத்த கோரத்தைத் தேடிக் கை பரபரக்கும்.

இதற்கெல்லாம் மேலே டேவிட் மேசனின் இசை. கரையோரத்தில் தாலாட்டும், இருட்டில் முதுகுத்தண்டைத் தொடும்.

பயந்த சுபாவமா? கவலையே வேண்டாம். பிறகு வந்த இலவச அப்டேட்டில், அரக்கர்கள் உங்களைத் தாக்காத ஒரு முறையையும் சேர்த்துவிட்டார்கள். 2023-இல் பனிக்கடல் அத்தியாயமான ‘தி பேல் ரீச்’, 2024-இல் ‘தி அயர்ன் ரிக்’ என்று கடலும் வளர்ந்துகொண்டே போனது.

புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: கையில் காசு சேர்ந்ததும் நல்ல விளக்கு வாங்குங்கள். பிறகு துணிந்து இரவிலேயே கிளம்புங்கள்! சில மீன்கள் இருட்டில் மட்டும்தான் கடிக்கும். பகலிலேயே சுற்றினால் உங்கள் மீன் கையேட்டில் பல பக்கங்கள் காலியாகவே கிடக்கும். அவற்றை நிரப்பத்தான் அந்த நால்வரும் இத்தனை பயத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்!