எனக்கு வலிக்கிறது: செவிவழி ஸ்பானிய இலக்கணமும் மருத்துவமனை மொழியும்

“எனக்குத் தலை வலிக்கிறது” என்னும் சிறு தொடரை முதலில் இலக்கணக் கண்கொண்டு பார்ப்போம். இதில் எழுவாய் ‘தலை’. வலியை உணர்பவரோ ‘கு’ உருபு ஏற்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். வலி அவர் செய்யும் செயலன்று, அவருக்கு நேர்வது. செமோரைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் தோட்ட மருந்தகத்து டிரஸரிடம் தம் நோவை இவ்வாறுதான் சொன்னார்கள். இன்று ஈப்போ மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர் சொல்வதும் இதையே. மலாய்மொழியில் ‘சாயா சாக்கிட் கெப்பாலா’ என்போம். நான், நோவு, தலை என்னும் மூன்று சொற்கள் உருபு ஏதுமின்றி அடுத்தடுத்து நிற்கின்றன. ஆங்கிலத்திலோ தலைவலி ஓர் உடைமைப் பொருள்போல் நோயாளியிடம் இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் ஸ்பானியத்தில் அதே தொடர், ‘மே துவேலே லா கபேசா’ என அமையும். ‘மே’ என்பது எனக்கு, ‘துவேலே’ வலிக்கிறது, ‘லா கபேசா’ தலை. நோயாளி இங்கும் எழுவாயல்லர். ஒற்றுமை இதனோடு நிற்கவில்லை. கண்கள் இரண்டும் வலித்தால் வினை மாறி, ‘மே துவேலென் லோஸ் ஓஹோஸ்’ ஆகும். நாமும் “எனக்குக் கண்கள் வலிக்கின்றன” என்று வினையைப் பன்மையாக்குகிறோம். வலிக்கும் உறுப்புக்கு ஏற்பவே வினைமுற்று அமைகிறது. வலிப்பவருக்கு ஏற்ப அன்று. “எனக்குப் பிடிக்கும்” என்பதன் இணையான ‘மே குஸ்தா’வும் இவ்வாறே.

ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்பிக்கும் ஒலிப்பாடங்கள் இந்த ஒரு கட்டமைப்பை விளக்குவதற்கு மிகுந்த பாடுபடுகின்றன. ஆங்கிலேய மாணவருக்கு அது தலைகீழாகத் தோன்றுவதே காரணம். அப்பாடங்களைக் கேட்கும் நம் மாணவர் விளக்கத்தோடு அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். தமக்கு இல்லாத ஒரு நோய்க்கு மருந்து உண்பது போன்றது இது. “எனக்கு வலிக்கிறது” என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் ஒரு நாளில் முடியும் பாடம், ஆங்கிலத்தைச் சுற்றிச் சென்றால் ஒரு வாரம் எடுக்கிறது என்பதே நம் கருத்து.

வினைமுற்றுகளைப் பொறுத்தும் இதையே சொல்லலாம். ‘வந்தேன்’ என்றாலே வந்தவர் யார் என்பது விளங்குவதால் ‘நான்’ என்பதை நாம் விட்டுவிடுகிறோம். ஸ்பானியமும் விகுதியிலேயே இடமும் எண்ணும் காட்டும். மலாய்மொழியில் வினை மாறுவதில்லை; ‘சூடா’, ‘செடாங்’, ‘அகான்’ என்னும் சொற்கள் முன்னின்று காலம் காட்டும். ஆகவே பள்ளியில் நாம் பயிலும் மூன்று மொழிகளில் இவ்விடத்தில் கைகொடுப்பது தமிழே.

செவிவழி மொழிக்கல்வி புதியதன்று. இலண்டனில் லிங்குவாஃபோன் நிறுவனம் 1901ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அமெரிக்க மொழியியலார் பால் பிம்ஸ்லர் 1967ஆம் ஆண்டில் நினைவுக்கான ஒரு கால அட்டவணையை வெளியிட்டார். புதிய சொல்லைக் கேட்டபின் 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள் என இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே போய் நினைவுகூர வேண்டும் என்பது அவர் முறை. அவர் வகுத்த பாடங்களில் வினாவுக்குப்பின் ஒரு மௌனம் விடப்படும். அந்த மௌனத்துக்குள் மாணவர் விடையைத் தாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியான விடை அதன்பிறகே ஒலிக்கும். ஒலிப்பாடத்தின் உயிர் அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. பேருந்தில் அமர்ந்து பாட்டுக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு போகிறவருக்குப் பயன் சிறிதே.

செவியை வற்புறுத்துவதற்கு நமக்கெனத் தனிக் காரணமும் உண்டு. ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் வழக்கம் மாணவரிடம் உள்ளது; இக்கட்டுரையிலும் நாம் அதைத்தான் செய்கிறோம். ஆயினும் ஸ்பானியத்தில் எடையைக் குறிக்கும் சொல்லும் முத்தத்தைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ‘பெசோ’ என ஒன்றாகிவிடுகின்றன. முன்னதில் பகரம் வல்லொலி. பின்னதில் அது ‘பாரதி’யின் முதலெழுத்துப்போல் அதிர்வொலி. நோயாளியின் எடையைக் கேட்கப்போகும் தாதி இந்த வேறுபாட்டை ஏட்டிலிருந்து பெற இயலாது.

இதைவிட நுட்பமானது அழுத்தம். ‘தோமோ’ என்பதன் முதலசையை அழுத்தினால் ‘உட்கொள்கிறேன்’ என்று பொருள். கடையசையை அழுத்தினால் ‘உட்கொண்டார்’ என்றாகும். மருந்தை நோயாளி நாள்தோறும் உட்கொள்கிறாரா, வேறொருவர் ஒருமுறை உட்கொண்டாரா என்பதை அந்த ஓர் அழுத்தமே பிரிக்கிறது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும், அழுத்தம் மாற்றுவதில்லை. ஆகவே நம் காது இதைத் தானாகப் பிடிக்காது, பயிற்சி வேண்டும்.

தமிழ் எல்லா இடத்திலும் துணைவரும் என்று நாம் சொல்லவில்லை. “எனக்குக் காய்ச்சல்” என்பதை ஸ்பானியர் ‘தெங்கோ ஃபியெப்ரே’ என்பர். அங்கே நோயாளி எழுவாயாகிக் காய்ச்சலை உடையவராகிறார். பசியும் அவ்வாறே. ‘செர்’, ‘எஸ்தார்’ என்னும் இரு வினைகளில் ஓரளவே தமிழ் வழிகாட்டும். “அவர் ஆசிரியர்” என வினையின்றி முடியும் தொடருக்குப் பெரும்பாலும் ‘செர்’ வரும். “அவர் வீட்டில் இருக்கிறார்” என ‘இரு’ வேண்டும் தொடருக்கு ‘எஸ்தார்’ வரும். “உயரமாக இருக்கிறார்” என்பது இவ்விதிக்கு அடங்காது.

மரியாதை வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைத் தோட்டத்துரைமார் தமிழ் கற்பதற்காகக் கொழும்பில் ஒரு கைந்நூல் வெளியானது. அதன் பெயரே ‘இங்கே வா’ என்பது. ஏவுவதற்காகக் கற்ற மொழியின் இலக்கணம் அத்தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது. நோயாளியிடம் பேசக் கற்பவருக்கு வேண்டியது ‘வாருங்கள்’ என்னும் வடிவம். ஸ்பானியத்தில் ‘தூ’ என்பது நீ. ‘உஸ்தெத்’ என்பது தாங்கள். ‘உஸ்தெத்’ படர்க்கை வினையை ஏற்கும். ‘தோந்தே லே துவேலே?’ – தங்களுக்கு எங்கே வலிக்கிறது? ‘ஆப்ரா லா போகா’ – வாயைத் திறங்கள். ‘ரெஸ்பிரே ஓந்தோ’ – ஆழமாக மூச்சை இழுங்கள். மருத்துவ ஒலிப்பாடங்கள் இவ்வடிவத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆனால் “எங்கே வலிக்கிறது?” என்று திருத்தமாகக் கேட்கத் தெரிந்தவரிடம் நோயாளி தம் இயல்பான வேகத்தில் விடை சொல்லத் தொடங்கிவிடுவார். கேட்டவருக்கு மொழி தெரியும் என்று அவர் நம்புகிறார். ஒலிப்பாடம் அளிக்கும் ஆபத்து இது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபாவிலிருந்து வந்த குடும்பத்தார் ‘இந்தோக்சிகாதோ’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினர். உண்ட ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கருத்து. அதே ஒலிப்புடைய ஆங்கிலச் சொல்லின் பொருளில் அது கொள்ளப்பட்டு, போதைப்பொருளை மிகுதியாக உட்கொண்டவர் என்று அவருக்குச் சிகிச்சை தொடங்கியது. தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் எவரும் அழைக்கப்படவில்லை. உண்மையில் நேர்ந்தது மூளைக்குள் இரத்தக்கசிவு. கைகால்கள் செயலிழந்தபின் தொடுக்கப்பட்ட வழக்கு, ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. அந்தக் கைகால்கள் திரும்பவில்லை.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. நம் பாட்டி ‘மயக்கமாக இருக்கிறது’ என்கிறார். உடன்சென்ற பேரப்பிள்ளை ‘பெனிங்’ என்று மலாயில் சொல்கிறார். பாட்டி சொன்னது தலைசுற்றலா, நினைவு தப்புதலா? அன்றாட மலாய்ப் பேச்சில் ‘பெனிங்’ தலைவலியையும் குறிக்கக்கூடும். நெஞ்சு கரிக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, நெஞ்சு குத்துகிறது என்னும் மூன்றும் மருத்துவருக்கு மூன்று வேறு செய்திகள். பள்ளிப்பிள்ளையின் வாயில் அவை ஒரே ‘சாக்கிட் டாடா’வாகச் சுருங்கிவிடுகின்றன.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஸ்பானியம் பயிலும் மாணவர் அம்முறையையே திருப்பிப் பிடித்து, தமிழறியாத தாதியருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் தமிழ் ஒலிப்பாடம் ஒன்று செய்யலாம். கைப்பேசியின் ஒலிப்பதிவே போதும். வினாக்கள் ‘வலிக்கிறதா?’ என்று ஏட்டுநடையில் இருந்தால் போதாது, ‘வலிக்குதா?’ என்பதையும் சேர்க்க வேண்டும். விடைகளை மாணவர் குரலில் பதிய வேண்டா. தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்களின் இயல்பான பேச்சில், அவர்கள் இசைவோடு, கடுக்குது, உளையுது, எரியுது, இழுத்துப் பிடிக்குது என்பனவற்றைப் பதியலாம். ஒவ்வொரு வினாவுக்குப்பின்னும் 5 விநாடி மௌனம் விட மறக்கலாகாது.