சோவியத் திரை – 7: லரிஸா ஷெபித்கோ

லரிஸா ஷெபித்கோ 1938 ஜனவரி 6 அன்று கிழக்கு உக்ரைனில், இன்று பக்மூத் எனப்படும் அர்த்தியோமவ்ஸ்க் நகரில் பிறந்தார். ராணுவ அதிகாரியான தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட, பள்ளி ஆசிரியையான தாய் மூன்று பிள்ளைகளையும் தனியாளாக வளர்த்தார். பதினாறு வயதில் லரிஸா மாஸ்கோ சென்று விகிக் திரைப்படக் கல்லூரியில் இயக்குநர் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஆசிரியர் அலெக்சாண்டர் தவ்ஷென்கோ. 1956 நவம்பரில் அவர் இறக்கும்வரை ஒன்றரை ஆண்டு மட்டுமே கிடைத்தது அந்தப் பயிற்சி. ஒவ்வொரு படத்தையும் இதுவே கடைசி என்று எண்ணி எடுக்க வேண்டும் என்பது அவர் சொல்லித்தந்த பாடம். மாணவி அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்.

பட்டப்படிப்புக்காக எடுத்த ‘வெக்கை’ (1963), ‘ஜமீலா’ வழியாகத் தமிழ் வாசகர்கள் அறிந்த சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதை. கிர்கீஸியப் புல்வெளியில் கேமராவுக்குள்ளேயே பிலிம் உருகும் அளவுக்கு வெயில். மஞ்சள் காமாலையில் விழுந்த லரிஸா, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சில நாட்கள் இயக்கினார். படத்தொகுப்பில் துணை நின்ற சக மாணவர் எலெம் கிளீமவ் அதே ஆண்டில் அவருடைய கணவரானார்.

‘சிறகுகள்’ (1966) எடுத்தபோது அவருக்கு வயது 28. நாயகியோ நாற்பதைக் கடந்தவள். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய நதேஷ்தா இப்போது பள்ளித் தலைமையாசிரியை. மாணவர்களோடு ஒட்டவில்லை, வளர்ப்பு மகளோடும் ஒட்டவில்லை. உயிரோடு இருக்கும்போதே அவளுடைய படம் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. மாயா புல்ககோவாவின் விறைப்பான நடையும், சட்டென்று குழந்தையாகிவிடும் சிரிப்பும் இந்தப் படத்தின் உயிர். போர் வீரர்களைச் சிலையாக மட்டுமே பார்க்கப் பழகிய நாட்டில், சிலைக்குள் மூச்சுத் திணறும் பெண்ணைக் காட்டியதே பெரிய துணிச்சல்.

அடுத்த குறும்படம் ‘மின்சாரத்தின் தாயகம்’ (1967), எழுத்தாளர் பிளத்தோனவின் கதை. ரஷ்யப் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டுக்காக எடுக்கப்பட்ட அது, வறட்சியில் வாடும் கிராமத்தை உள்ளபடியே காட்டியதால் வெளியாகாமல் முடக்கப்பட்டது. வண்ணப்படமான ‘நீயும் நானும்’ (1971) தணிக்கையின் வெட்டுகளோடுதான் வந்தது.

வசில் பீக்கவின் ‘சோத்னிகவ்’ நாவலைப் படமாக்க அவர் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இடையில் 1973இல் மகன் அந்தோன் பிறந்தான். கர்ப்பகாலத்தில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுப் பல வாரங்கள் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர், சாவை அருகில் பார்த்த அந்த நாட்களே இந்தக் கதையை எடுக்கும் பக்குவத்தைத் தந்ததாகக் கருதினார். அதுவே ‘ஏற்றம்’.

ஜெர்மானியர் பிடித்து வைத்திருக்கும் பெலாரஸ். உணவு தேடிப் பனியில் கிளம்பும் இரண்டு கெரில்லாக்கள் பிடிபடுகிறார்கள். நோயாளியான சோத்னிகவ் சித்திரவதைக்குப் பணியவில்லை. உடல் வலுவும் சாமர்த்தியமும் மிக்க ரீபாக் உயிருக்கு அஞ்சி எதிரியின் காவல்படையில் சேர்கிறான். படப்பிடிப்பு ரஷ்யாவின் மூரம் நகரை ஒட்டி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கிய குளிரில் நடந்தது. நடிகர்களுக்குத் தந்ததைவிட அதிகமான கதகதப்பு எதையும் இயக்குநர் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. சோத்னிகவாக நடித்த பரீஸ் பிளோத்னிகவ் அப்போது திரைக்குப் புதியவர். தூக்குமேடையில் நிற்கும் அவருடைய முகத்தை ஒளிப்பதிவு தேவாலய ஓவியம் போல் ஒளிரவிடுகிறது. ஆனால் படத்தின் கூர்மை அங்கே முடியவில்லை. ரீபாக் தற்கொலைக்கு முயல்கிறான், அதுவும் முடியவில்லை. திறந்த வாயிற்கதவுக்கு அப்பால் வெறும் பனிவெளி. அவனை அரக்கனாக்காமல், பார்ப்பவர் தன்னையே அவனில் காணும்படி விட்டதில்தான் லரிஸாவின் மேதைமை இருக்கிறது.

சோசலிச நாட்டில் சமயச் சாயலா என்று அதிகாரிகள் தயங்கினர். போரில் தானே கெரில்லாவாக இருந்த பெலாரஸ் கட்சித் தலைவர் பியோத்தர் மஷேரவ் சிறப்புக் காட்சியில் கண்கலங்கினார், படம் தப்பியது. 1977இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது.

அடுத்து, அணைக்காக மூழ்கடிக்கப்படும் சைபீரியத் தீவைப் பற்றிய வலென்தின் ரஸ்பூதினின் ‘மத்தியோராவுக்கு விடை’ நாவலைப் படமாக்கத் தொடங்கினார். 1979 ஜூலை 2 அன்று படப்பிடிப்பு வேலையாகச் சென்றபோது கார் விபத்தில் லரிஸாவும் குழுவினர் நால்வரும் இறந்தனர். அவருக்கு வயது 41. கிளீமவ் மனைவியைப் பற்றி ‘லரிஸா’ (1980) என்ற சிறு ஆவணப்படத்தை எடுத்தார். பாதியில் நின்ற படத்தை ‘விடைபெறுதல்’ என்ற பெயரில் முடித்தார். 1986 மேயில் திரைப்படக் கலைஞர் சங்கத்தின் தலைமைக்குக் கிளீமவ் தேர்வானார். அதன்பின் முடக்கப்பட்ட படங்கள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. ‘மின்சாரத்தின் தாயகம்’ இருபது ஆண்டு காத்திருந்து, 1987இல் திரையைக் கண்டது.