பெல்ட் உராய்கிறதா? நூல் பிடித்துப் பாருங்கள்!

பழைய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது காது ஒன்று உண்டு. பிறருக்கு வெறும் இரைச்சலாகக் கேட்பது அவர்களுக்குத் தனித்தனி ஓசையாகக் கேட்கும். அவற்றில் ஒன்று, பானட்டுக்கு அடியிலிருந்து 'சர், சர்' என்று எழும் உராய்வு. திறந்து பார்த்தால் கறுப்புத் தூள் படிந்திருக்கும். விசிறி பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் சவரம் செய்தாற்போல் பளபளக்கும். உடனே பட்டறை, உடனே புதுப் பெல்ட். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் அதே 'சர், சர்'. "பெல்ட்டைத்தான் மாத்தியாச்சே, இன்னும் என்ன வேய்?" என்று பட்டறைக்காரரிடம் கோபித்துப் பயனில்லை. குற்றம் ஓரிடத்தில் இருக்கத் தண்டனை வேறிடத்தில் விழுந்தால் வழக்குத் தீருமா?

நாஞ்சில் நாட்டு மயிலாடியில் இந்த விஷயத்தை விளக்குவது மிகவும் எளிது. ஊருக்குள் நுழைந்தாலே கல்லில் உளி விழும் ஓசை கேட்கும். கருங்கல்லைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எந்தச் சிற்பியும் உளியை எடுப்பதில்லை. முதலில் காவியில் தோய்த்த நூலைப் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டுக்கொள்கிறார். கோடு கோணினால் சிலையின் மூக்கு கோணிவிடும். மோட்டார் பெல்ட்டின் சங்கதியும் அதுதான். அது ஓடும் சக்கரங்கள் நூல் பிடித்தாற்போல் ஒரே நேரில் நிற்க வேண்டும்.

நம் பக்கத்துப் பழைய வண்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அம்பாஸடர்தான். ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடியொற்றி, 1957-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வெளியிட்ட இந்த வண்டி, வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியாயிற்று. கல்யாண வீட்டு வாசலில் அதற்கு இன்றும் மவுசு குறையவில்லை. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பெல்ட் ஒன்றே ஒன்று, வேலையோ மூன்று. கீழே கிராங்க் புல்லி சுழல, மேலே விசிறியும் தண்ணீர்ப் பம்பும் சுழல்கின்றன. பக்கத்தில் டைனமோவும் சுழல்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நடுராத்திரியில் அந்தப் பெல்ட் அறுந்தால், காற்றும் தண்ணீரும் மின்சாரமும் ஒருசேர நின்றுபோகும். 'ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்' என்று ஓட்டினால் எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்து, காஸ்கெட் வெந்துவிடும். பெல்ட்டின் விலையை அந்தச் செலவோடு ஒப்பிடவே வேண்டாம்.

சரி, உராய்வது எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தோள் துண்டையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி வையுங்கள். ஓடும் பெல்ட்டுக்கு வேட்டி நுனி என்றால் கொள்ளை ஆசை. பிறகு பெல்ட் உராயும் பொருள் யாருடைய சொத்து என்று பாருங்கள். இந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

உராய்வது ரேடியேட்டரின் கூட்டிலோ, வண்டியின் சட்டத்தோடு சேர்ந்த வேறு பாகத்திலோ என்றால், பெல்ட்டையும் புல்லியையும் சந்தேகிக்குமுன் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளைப் பாருங்கள். அவை நைந்து அமுங்கினால் எஞ்சினே சற்றுத் தாழ்ந்துவிடும். பெல்ட் தன் இடத்தில் சரியாகவே ஓடும், இடம்தான் பெயர்ந்திருக்கும். இதைக் கவனியாமல் உராயும் தகட்டை அரத்தால் ராவிவிடும் புத்திசாலிகள் உண்டு. அடுத்த முறை விசிறி இறக்கையே ரேடியேட்டரைப் பதம் பார்க்கும்.

உராய்வது டைனமோவின் பட்டையிலோ எஞ்சினின் முன்மூடியிலோ என்றால் அது எஞ்சினின் உள்வீட்டுத் தகராறு. இங்கேதான் நூல் தேவை. நேரான இரும்புப் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. மூன்று புல்லிகளையும் தொடும்படி அதை வைத்துப் பாருங்கள். புல்லிகளின் விளிம்புத் தடிமன் ஒன்றுபோல் இராது. ஆகவே விளிம்பை நம்பாமல், பெல்ட் பதியும் பள்ளத்தின் நடுவை அளந்து ஒப்பிட வேண்டும். டைனமோ புல்லி முன்னோ பின்னோ சமமாக விலகியிருந்தால், காதில் வாஷர் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்துவிடலாம். சாய்ந்திருந்தால் வாஷர் உதவாது. பிராக்கெட் வளைந்திருக்கும், அல்லது போல்ட் துளை அகன்றிருக்கும்.

விசிறி இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் தண்ணீர்ப் பம்பின் பேரிங் போய்விட்டது என்று பொருள். பம்பின் அடித்துளையில் ஈரம் கசிந்தால் சாட்சியே தேவையில்லை. கிராங்க் புல்லி கோணலா என்று அறிய, பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டிங் ஹாண்டிலால் ஒருவர் மெல்லச் சுற்ற, மற்றவர் விளிம்பருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துப் பார்க்கலாம். இடைவெளி கூடிக் குறைந்தால் புல்லி ஆடுகிறது.

இன்னொன்று. இந்த வி-பெல்ட், பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களையும் ஆப்புப்போல் பற்றி இழுப்பது, அடியைத் தொடலாகாது. பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னினால், பெல்ட் தேய்ந்ததோ அளவு தவறியதோ புல்லியே தேய்ந்ததோதான் காரணம். கல்தூள் பறக்கும் ஊரில் புல்லி தேய்வதில் வியப்பில்லை. கருங்கல் தூள் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டால் உப்புத்தாளின் வேலையைச் செய்யும். சிற்பக் கூடத்துக்கு அடுத்து வண்டி நிறுத்துபவர்கள் மாதம் ஒரு முறை பானட்டைத் திறந்து துணியால் துடைப்பது நல்லது.

சத்தம் அடங்க சோப்புக் கட்டியைத் தேய்ப்பதும், தேங்காய் எண்ணெய் விடுவதும் பழைய வைத்தியங்கள். நம் குலசேகரம் தோட்டத்து ரப்பருக்கு எண்ணெய் ஜென்மப் பகை, ஊறி உப்பிவிடும். இப்போது வரும் பெல்ட்டுகள் பெரும்பாலும் செயற்கை ரப்பர், சற்றுத் தாங்கும். ஆனாலும் எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடாகும். சத்தம் நின்றது என்று நீங்கள் மகிழும் வேளையில் பாட்டரி இறங்கிக்கொண்டிருக்கும்.

கோணலைத் தீர்த்தபின் புதுப் பெல்ட் போடுங்கள். ரேடியேட்டரைக் கழற்ற வேண்டாம். டைனமோவைத் தளர்த்தி, விசிறி இறக்கைகளுக்கு மேலாக ஒவ்வொன்றாகத் தாண்டவிட்டால் போதும். கட்டையால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் நூல் அறும். நீளமான பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் பம்பின் பேரிங்குக்கு ஆயுள் குறையும். புதுப் பெல்ட் சற்று நீளும் ஆகையால், முந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி அழுத்திப் பாருங்கள்.

பழைய பெல்ட் வெடிக்காமல் இருந்தால் எறிந்துவிடாமல் டிக்கியில் போட்டு வையுங்கள். கூடவே ஒரு அரை அங்குல ஸ்பானரும் இருக்கட்டும். பழைய அம்பாஸடரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் வழுக்கி முனை மழுங்கிவிடும்.